கதிரியக்கப் பொருள் உள்ள கருவிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெல்டிங் இணைப்புகளைக் காமாக் கதிரால் சோதிக்கும் தொழிலில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலராக இருப்பதால், ஆலைகளிலும் கட்டுமான இடங்களிலும் பழைய இரும்பு வியாபாரிகளிடமும் பாதுகாப்பு வகுப்பு எடுக்கும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. எங்கே போனாலும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். இதில் ‘வாரியம்’ என்று வரும் இடமெல்லாம் 1983-இல் அமைக்கப்பட்டு மும்பையிலிருந்து இயங்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தையே குறிக்கும்.

வண்டியில ஒட்டுற ரேடியம் ஸ்டிக்கர்ல ரேடியம் இருக்கா சார்?

இல்லை. நம் ஊரில் ‘ரேடியம்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டதே தவிர, அந்த ஸ்டிக்கரில் கதிரியக்கப் பொருள் எதுவும் கிடையாது. எதிரே வரும் வண்டியின் வெளிச்சத்தை அது திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். அறைக் கூரையில் ஒட்டும் நட்சத்திரங்கள் பகலில் வாங்கிய ஒளியை இரவில் சிறிது சிறிதாக விடுகின்றன, அவற்றிலும் ஆபத்தில்லை.

உண்மையான ரேடியம் இருந்தது பழைய கைக்கடிகாரங்களிலும் விமான, கப்பல் கருவிகளின் முகப்புகளிலும்தான். ரேடியம்-226-இன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய எடுக்கும் காலம், 1,600 ஆண்டுகள். ஆகவே தாத்தாவின் கடிகாரம் இருட்டில் ஒளிராமல் போயிருந்தால், தேய்ந்தது ஒளிதரும் பூச்சே அன்றி ரேடியம் அன்று. அதைக் கண்ணாடியோடு அப்படியே வைத்திருக்கலாம். திறந்து முள்ளையோ எண்களையோ சுரண்டக் கூடாது, ஏனெனில் அந்தத் தூள் உடலுக்குள் போவதுதான் கெடுதல்.

கதிரியக்கம், கதிர்வீச்சு ரெண்டும் ஒண்ணுதானே? எக்ஸ்ரே மிஷின்லயும் அது இருக்கா?

ஒன்றல்ல. கதிரியக்கம் பொருளின் இயல்பு. கதிர்வீச்சு அந்தப் பொருளிலிருந்து வெளிப்படுவது. எக்ஸ்ரே இயந்திரத்தில் கதிரியக்கப் பொருளே கிடையாது. மின்சாரத்தை நிறுத்திய நொடியில் அதன் கதிர் நின்றுவிடும். இரிடியம், கோபால்ட், சீசியம் போன்ற கதிரியக்கப் பொருள்களை ‘மூலம்’ என்போம்; அவற்றுக்குச் சுவிட்ச் கிடையாது. ஆலை மூடிக் கிடந்தாலும், உரிமையாளர் மாறினாலும், அவை இருபத்து நான்கு மணி நேரமும் கதிரை விட்டுக்கொண்டுதான் இருக்கும். நாம் செய்ய முடிவதெல்லாம் மறைப்பதும், தூரத்தில் வைப்பதும், அது எங்கே இருக்கிறது என்று கணக்கு வைப்பதுமே.

இன்னொரு வேறுபாட்டையும் மனத்தில் கொள்ள வேண்டும். விளக்கொளி மேலே படுவது வேறு, மஞ்சள் தூள் கையில் ஒட்டுவது வேறு. காமாக் கதிர் பட்ட குழாயோ வெங்காயமோ மனிதரோ கதிரியக்கம் உடையவராக ஆவதில்லை. அவரைத் தொடுவதால் யாருக்கும் எதுவும் வராது. மூலத்தின் உறை உடைந்து, உள்ளே இருந்த பொருளே தூளாகப் பரவினால்தான் தொற்றிக்கொள்ளும்.

ஆபீஸ்ல என் தலைக்கு மேலயே புகை கண்டுபிடிக்கிற கருவி இருக்கு. அதுல அணு சமாச்சாரம் இருக்குன்னு சொல்றாங்களே?

எல்லாவற்றிலும் இல்லை. இப்போது பரவலாக விற்பவை ஒளியைக் கொண்டு புகையை அறிபவை. அயனியாக்க வகையில் மட்டும் அமெரிசியம்-241 மிகச் சிறிதளவு, வழக்கமாக 37 கிலோபெக்கெரல் அல்லது அதற்கும் குறைவாக இருக்கும். பெக்கெரல் என்பது நொடிக்கு ஓர் அணு சிதைவதைக் குறிக்கும் அளவு. அது விடும் ஆல்ஃபா என்ற வகைக் கதிரைச் சில சென்டிமீட்டர் காற்றே தடுத்துவிடும். அதன் கீழே ஆண்டு முழுவதும் உட்கார்ந்து வேலை செய்தாலும் கிடைக்கும் கதிரளவு ஒரு மைக்ரோசீவெர்ட்டைத் தொடாது. உடலுக்குக் கிடைக்கும் கதிரளவைச் சீவெர்ட் என்ற அலகில் சொல்வோம்; அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிசீவெர்ட். இயற்கையிலிருந்து மட்டும் நாம் ஒவ்வொருவரும் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவெர்ட், அதாவது 2,400 மைக்ரோசீவெர்ட் பெறுகிறோம்.

ஆனால் அதைப் பிரிக்கவோ எரிக்கவோ கூடாது. கட்டடத்தைப் புதுப்பிக்கும்போது நூற்றுக்கணக்கில் கழற்றி மூட்டையாகக் கட்டி எடைக்குப் போடுவதைத்தான் நான் அஞ்சுகிறேன். அவற்றை எண்ணி, பட்டியலிட்டு, விற்றவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பெட்ரோமாக்ஸ் மேண்டில்லயும் கதிரியக்கம் உண்டாமே? சின்ன வயசுல கையால கட்டியிருக்கேன்.

உண்டு. பழைய மேண்டில்களின் பளீரென்ற வெள்ளை ஒளிக்குக் காரணம் தோரியம் ஆக்சைடு. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் கேரளத்தின் சவரைப் பகுதியிலும் கிடைக்கும் மோனசைட் மணலில் உள்ள அதே தோரியம்தான். திருமண வீட்டில் எப்போதாவது மேண்டில் கட்டியவர் கவலைப்பட ஒன்றுமில்லை. எரிந்த மேண்டில் தொட்டால் பொடிந்துவிடும். அந்தச் சாம்பலை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுத்து, கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட வேண்டும். மேண்டிலைத் தயாரிக்கும் இடங்களில் வேலை செய்வோருக்குத்தான் முறையான பாதுகாப்பு தேவை.

எங்க சிமென்ட் ஆலையில ஹாப்பர் பக்கத்துல ஒரு மஞ்சள் பெட்டி இருக்கு, மூணு இதழ் படம் போட்டிருக்கு. தினமும் அதைத் தாண்டித்தான் போறேன்.

அது ஹாப்பர் என்ற பெரிய கலத்துக்குள் பொருள் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று மட்டம் பார்க்கும் கேஜ். ஒரு பக்கம் ஈயம் நிறைந்த உறைக்குள் சீசியம்-137 அல்லது கோபால்ட்-60, எதிர்ப்பக்கம் உணர்கருவி. நடுவில் சாம்பலோ மாவோ ஏறினால் கதிர் குறையும்; அதிலிருந்து மட்டம் தெரிந்துவிடும். காகித ஆலைகளில் தாளின் தடிமனைப் பார்க்கக் கிரிப்டான்-85 போன்றவற்றைப் பயன்படுத்துகிறார்கள். கதிர்க்கற்றை ஒரே திசையில், கலத்தை நோக்கியே போகும்படி பெட்டி அமைக்கப்பட்டிருப்பதால், அதைத் தாண்டி நடப்பதில் ஆபத்தில்லை. அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது, சட்டையை மாட்டுவது ஆகியவை வேண்டாம்.

பொதுமக்களுக்கு இந்தியாவில் விதித்துள்ள வரம்பு, இயற்கையாகக் கிடைப்பது போக, ஆண்டுக்கு 1 மில்லிசீவெர்ட். கதிர்வீச்சுப் பணியாளர்களுக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20. எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. கேஜ் பக்கம் நடமாடும் மற்ற தொழிலாளர்களும் பொதுமக்கள் கணக்கில்தான் வருவார்கள். அந்த 1-க்குள் அவர்களை வைத்திருப்பது ஆலையின் கடமை.

அந்த ஹாப்பர் உள்ளேயே அடைப்பு எடுக்க இறங்கச் சொல்றாங்க. இறங்கலாமா?

கேஜ் பெட்டியில் கதிர்க்கற்றையை மறைக்கும் ஷட்டர் மூடிப் பூட்டியிருப்பதை உங்கள் கண்ணால் பார்க்காமல் இறங்காதீர்கள். முன் பதிலில் சொன்ன கற்றை கலத்துக்குள்தான் பாய்கிறது. உள்ளே இறங்குபவர் நேராக அதன் வழியில் நிற்பார். பெட்டியின் பக்கத்தில் ஒரு கைப்பிடி இருக்கும். அதைத் ‘திறப்பு’ நிலையிலிருந்து ‘மூடல்’ நிலைக்குத் திருப்பி, பூட்டைப் போட்டு, சாவியைப் பாதுகாப்பு அலுவலர் வைத்துக்கொள்ள வேண்டும். தூசியும் துருவும் ஏறிய இடங்களில் கைப்பிடி திரும்பினாலும் உள்ளே உள்ள ஷட்டர் முழுதாக மூடாமல் இருக்கக்கூடும். ஆகவே கைப்பிடியின் நிலை போதாது. கதிரை அளக்கும் சர்வே மீட்டரை வைத்துப் பார்த்து, அளவு இறங்கியதைப் பதிவேட்டில் எழுதிய பிறகே ஆள் இறங்க வேண்டும். இதை உறுதி செய்யச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

வெல்டிங்கை எக்ஸ்ரே எடுக்கும்போது எங்களை எல்லாம் விரட்டிட்டு நீங்க மட்டும் நிக்கிறீங்களே?

கொதிகலன் தொழிற்கூடங்கள் நிறைந்த திருச்சிப் பக்கத்தில் இதை ‘எக்ஸ்ரே’ என்றே சொல்வார்கள். பெரும்பாலும் அது இரிடியம்-192. நாங்கள் அருகில் நிற்பதில்லை. கேமரா எனப்படும் கனமான பெட்டியிலிருந்து நீண்ட கம்பிவடத்தைச் சுழற்றி மூலத்தை வெளியே தள்ளுகிறோம். சுழற்றும் பிடி எங்கள் கையில், மூலம் பல மீட்டருக்கு அப்பால். முடிந்தவரை தூணுக்கோ சுவருக்கோ பின்னால் போய்விடுகிறோம்.

கணக்கைப் பார்த்தால் விளங்கும். 740 கிகாபெக்கெரல், அதாவது 20 கியூரி இரிடியம் மறைப்பில்லாமல் இருந்தால் 1 மீட்டரில் மணிக்கு ஏறத்தாழ 96 மில்லிசீவெர்ட். 2 மீட்டரில் அது கால்பங்காகி 24. 10 மீட்டரில் நூற்றில் ஒரு பங்கு, 1-க்குச் சற்றுக் கீழே. தூரம் இரட்டித்தால் அளவு நான்கில் ஒன்றாகும் என்பதே எங்கள் வாழ்வாதாரம். இதே கணக்கை எதிர்த்திசையில் போட்டால் உடல் நடுங்கும்: அதே மூலத்திலிருந்து ஒரு சென்டிமீட்டரில், ஒரே நிமிடத்தில் ஏறத்தாழ 16 சீவெர்ட். மில்லி அன்று, முழுச் சீவெர்ட்.

கயிறு கட்டினது தெரியாம கொஞ்ச நேரம் உள்ள நின்னுட்டேன் சார். இனிமே குழந்தை பிறக்குமா?

இதை என்னிடம் தனியாக, வகுப்பு முடிந்த பிறகு, தாழ்ந்த குரலில்தான் கேட்பார்கள். ஆணின் விந்தணு தற்காலிகமாகக் குறைவதற்கே ஒரே நேரத்தில் 100 மில்லிசீவெர்ட்டுக்கு மேல் அந்த இடத்தில் பட வேண்டும். நிரந்தர மலட்டுத்தன்மைக்கு அதைப் போல முப்பது மடங்குக்கும் மேல். முன் கணக்கின்படி 10 மீட்டர் தொலைவில் ஐந்து நிமிடம் நின்றவருக்குக் கிடைத்திருப்பது ஒரு மில்லிசீவெர்ட்டில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. குழந்தை பிறக்கும்.

ஆனாலும் அதைச் சொல்லாமல் விடாதீர்கள். எங்கே, எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று சொன்னால் பாதுகாப்பு அலுவலர் அளவைக் கணக்கிட்டுத் தருவார். வேலி போட்டும் காவல் வைக்காமல் விட்ட தவறு சோதனை நடத்தியவர்களுடையது, உங்களுடையது அன்று.

மார்புல டி.எல்.டி. பேட்ஜ் போட்டா கதிர் ஏறாதுதானே?

ஏறும். பேட்ஜ் கவசம் அன்று, அது கணக்குப்பிள்ளை. அதற்குள் இருக்கும் வட்டுகள் பட்ட கதிரைச் சேமித்து வைத்து, ஆய்வகத்தில் சூடாக்கும்போது அதற்கேற்ப ஒளியை விடும். வழக்கமாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றப்படும். அறிக்கை வரும்போது கதிர் பட்டு மாதங்கள் ஆகியிருக்கும் என்பதால், அந்த நேரத்தில் நம்மைக் காப்பது கையில் உள்ள சர்வே மீட்டர்தான்.

ஒருவர் பேட்ஜை இன்னொருவர் போடக் கூடாது. வேலை முடிந்ததும் கேமரா வைக்கும் அறையில் மாட்டிவிட்டுப் போகவும் கூடாது; அறைக்குக் கிடைத்த அளவு உங்கள் பெயரில் ஏறிவிடும். அளவு கூடினால் வேலை போய்விடுமோ என்று பேட்ஜைக் கழற்றி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பிற்காலத்தில் உடம்புக்கு ஏதாவது வந்தால் உங்களுக்காகப் பேசும் ஒரே ஆவணம் அதுதான்.

கர்ப்பமா இருக்கிறவங்க இந்த வேலை பார்க்கலாமா?

கர்ப்பத்தை நிறுவனத்துக்குத் தெரிவித்த நாளிலிருந்து, மீதிக் காலம் முழுவதற்கும் கருவுக்கான அளவு 1 மில்லிசீவெர்ட்டைத் தாண்டாதபடி வேலையை மாற்றித் தர வேண்டும். வேலையை விட்டு நீக்குவதற்கு அது காரணமாகாது. 18 வயது நிரம்பாதவரைக் கதிர்வீச்சுப் பணியில் அமர்த்தக் கூடாது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

சோர்ஸ் திரும்பிப் பெட்டிக்குள்ள வந்துடுச்சுன்னு எப்படித் தெரியும்? வரலைன்னா?

சுழற்றிய கைக்குத் தெரியாது. ஒருமுறை இரவு வேலையில், உதவியாளர் வழக்கமான எண்ணிக்கை வரை பிடியைச் சுற்றிவிட்டு, “வந்துடுச்சு அண்ணா” என்றார். கைக்கும் எந்த வேறுபாடும் இல்லை. ஆனால் கேமராவை நோக்கி நான் நடந்த நாலாவது அடியில், இறங்கியிருக்க வேண்டிய மீட்டர் முள் ஏறிக்கொண்டிருந்தது. மூலம் வடத்தோடு சரியாக இணையாததால், வடம் மட்டும் திரும்பிவிட்டது. மூலம் வெளியே போய்வரும் வழிக்குழாயின் நுனியிலேயே இரிடியம் கிடந்தது. அப்படியே பின்னால் நடந்தோம். வேலியை இன்னும் விரித்துக் கட்டி, நான்கு பக்கமும் ஆள் நிறுத்தி, காலையில் மீட்புப் பயிற்சி பெற்றவர்கள் நீண்ட இடுக்கியோடு வரும்வரை காவல் இருந்தோம்.

ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் கேமராவையும் குழாயையும் நுனிவரை மீட்டரால் பார்ப்பது கட்டாயம். திரும்பவில்லை என்றால் விலகுங்கள், வேலியை விரியுங்கள், தெரிவியுங்கள். குழாயைக் கையால் உதறுவது, அறுப்பது, ‘சீக்கிரம் எடுத்துடலாம்’ என்று ஓடுவது ஆகியவை உயிரோடு விளையாடுவதாகும். 1999-இல் பெருவின் யனாங்கோ நீர்மின் நிலையத்தில் கீழே கிடந்த இரிடியம் மூலத்தை என்னவென்று தெரியாமல் எடுத்து, கால்சட்டைப் பையில் சில மணி நேரம் வைத்திருந்த வெல்டர் ஒருவர் தம் காலையே இழந்தார்.

அவசரத்துக்குக் கேமராவை பஸ்ஸுல எடுத்துட்டுப் போகலாமா?

கூடாது. பஸ், பயணிகள் ரயில், வாடகை ஆட்டோ எதிலும் கூடாது. தனி வண்டியில், பயணிகளிடமிருந்து எட்ட, பூட்டி, கட்டிப்போட்டு, வகைக்குரிய முத்திரையோடும் அவசரகாலக் குறிப்பு அட்டையோடும் போக வேண்டும். சாப்பிட நிறுத்தினால் ஒருவர் வண்டியிலேயே இருக்க வேண்டும்.

கட்டிப்போடுவதை ஒரு சடங்காக நினைக்கக் கூடாது. 2023 ஜனவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவில் சுரங்கக் கேஜ் ஒன்றின் சீசியம் குப்பி, 8 மில்லிமீட்டர் உயரமே உள்ளது, லாரிப் பயணத்தில் விழுந்துவிட்டது. 1,400 கிலோமீட்டர் சாலையில் தேடி, பிப்ரவரி 1 அன்று நியூமன் நகருக்கு அருகே சாலையோரத்தில் கண்டெடுத்தார்கள்.

நான் காயலான் கடை வச்சிருக்கேன். வர்ற இரும்புல எது இந்தச் சாமான்னு எப்படித் தெரியும்?

கேட்டதற்கு நன்றி, இந்தப் பக்கத்தையே உங்களை நினைத்துத்தான் எழுதினேன். அளவுக்குப் பொருந்தாத எடைதான் முதல் அடையாளம். கால்பந்து அளவே உள்ள வார்ப்பிரும்பு உருண்டையோ உருளையோ இரண்டு பேர் தூக்கும் கனம் இருந்தால் உள்ளே ஈயமோ டங்ஸ்டனோ யுரேனியமோ மறைப்பாக இருக்கலாம். மஞ்சள் வண்ணம், மூன்று இதழ்ச் சின்னம், பூட்டுடன் கூடிய கைப்பிடி, ‘சி.எஸ்-137’, ‘சி.ஓ-60’, ‘பெக்கெரல்’ போன்ற எழுத்துகள் பொறித்த தகடு ஆகியவற்றைப் பாருங்கள். 2007 முதல் ஆபத்தான மூலங்களுக்கு அருகே, சிவப்பு முக்கோணத்தில் மண்டையோடும் ஓடும் மனிதனும் உள்ள படத்தையும் வைக்கிறார்கள். ஈயம் நல்ல விலைக்குப் போகும் என்பதால்தான் உடைக்கத் தோன்றுகிறது. உள்ளே இருக்கும் குப்பி பென்சில் துண்டு போலப் பளபளவென்று, அழகாக இருக்கும்.

2010-இல் டெல்லி மாயாபுரியில் நடந்தது இதுதான். டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் 1985 முதல் பயன்படாமல் கிடந்த காமாக் கதிர்க்கலம் பழைய சாமானாக ஏலம் போனது. கடையில் உடைத்தபோது கோபால்ட்-60 வெளியே வந்தது. ஒருவர் இறந்தார்; பலர் கடுமையாகப் பாதிக்கப்பட்டனர். பிரேசிலின் கொயானியாவில் 1987-இல் கைவிடப்பட்ட மருத்துவமனைக் கருவியை உடைத்தபோது சீசியம் தூள் இருட்டில் நீலமாக ஒளிர்ந்தது; அதிசயம் என்று உறவினர்களுக்குப் பங்கிட்டார்கள். நால்வர் இறந்தனர், 249 பேரிடம் தொற்று காணப்பட்டது.

உருக்கிவிட்டால் போய்விடும் என்றும் நினைக்கக் கூடாது. உருக்கினால் எஃகு முழுவதும் கலந்துவிடும். 2008-இல் இந்தியாவிலிருந்து போன லிஃப்ட் பொத்தான்களில் கோபால்ட்-60 இருந்தது பிரான்ஸில்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

அப்படி ஒண்ணு கிடைச்சா என்ன செய்யணும்? போலீசுக்குப் போனா என்னையே பிடிப்பாங்களே?

தொடாமல், நகர்த்தாமல், எல்லோரையும் முப்பது மீட்டருக்காவது அப்பால் அனுப்பி, 112-ஐ அழைத்து ‘கதிரியக்கப் பொருள் என்று சந்தேகம்’ என்ற சொற்களைச் சொல்லுங்கள். காவல்துறை வழியாக வாரியத்துக்கும் அணுசக்தித் துறையின் அவசர உதவிக் குழுவுக்கும் செய்தி போகும். வாரியத்தின் தென்மண்டல அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. கையாண்டவர்கள் கையைக் கழுவி, உடையைத் தனிப்பையில் போட்டு, யாரென்று பெயர் எழுதி வையுங்கள்.

நீங்கள் அறியாமல் வாங்கியவர், தெரிந்ததும் தெரிவித்தவர். மூலத்தின் பொறுப்பு அதை உரிமம் பெற்று வைத்திருந்தவர் தலையில்தான். கையில் வலியோ காயமோ இல்லையே என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். கதிர்ப்புண் அன்றே வலிக்காது. நாட்கள் கழித்துச் சிவந்து, பிறகே கொப்பளிக்கும். மருத்துவரிடம் அதைத் தொட்ட நாளைச் சொல்ல வேண்டும்.

அயோடின் மாத்திரை வாங்கி வச்சுக்கட்டுமா?

பயனில்லை. அது கதிரியக்க அயோடின் தைராய்டில் சேராமல் தடுக்கும், அவ்வளவுதான். கோபால்ட், இரிடியம், சீசியம் எதற்கும் அது மருந்தன்று. சீசியம் உடலுக்குள் போனால் பிரஷ்யன் நீலம் என்ற வேறு மருந்து உண்டு. அதை மருத்துவமனையில்தான் கொடுப்பார்கள்.

இருபத்தஞ்சு வருஷப் பழசு சார். இந்நேரம் செத்திருக்காதா?

எந்தப் பொருள் என்பதைப் பொறுத்தது. இரிடியம்-192 74 நாளில் பாதியாகும். இரண்டு ஆண்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சீசியம்-137-க்கு 30 ஆண்டுகள். 25 ஆண்டில் பாதி கூடக் குறையாது. அமெரிசியம்-241-க்கு 432 ஆண்டுகள். கோபால்ட்-60-க்கு 5.27 ஆண்டுகள், மாயாபுரிக் கலத்தில் 1985-இல் இருந்ததில் 27-இல் ஒரு பங்கே 2010-இல் மிஞ்சியிருந்தது. அந்த ஒரு பங்குதான் உயிரை எடுத்தது.

மூடின ஆலையை வங்கி ஏலத்துல எடுத்தோம். உள்ள ரெண்டு கேஜ் இருக்கு. இப்ப அது எங்க சொத்தா?

இரும்பும் கட்டடமும் உங்கள் சொத்து, மூலம் அப்படியன்று. வாரியத்தின் அனுமதி இல்லாமல் கதிரியக்க மூலத்தை விற்கவோ வாங்கவோ வேறிடம் மாற்றவோ முடியாது. ஏலப் பத்திரம் அந்த அனுமதிக்கு ஈடாகாது. பயன் முடிந்த மூலத்தை வழங்கியவருக்கே திருப்புவது, இயலாதபோது கல்பாக்கத்தில் உள்ளது போன்ற அங்கீகரிக்கப்பட்ட கழிவு மேலாண்மை நிலையத்துக்கு அனுப்புவது என்பதே விதி. செலவு முன்னவருடையதா உங்களுடையதா என்ற வழக்கு பிறகு நடக்கட்டும்; அதுவரை மூலம் காவலில்லாமல் கிடக்கக் கூடாது.

ஆகவே இடிக்கும் ஒப்பந்தக்காரரை உள்ளே விடுவதற்கு முன் ஒரு பாதுகாப்பு அலுவலரை அழைத்துப் போங்கள். ஷட்டர் நிலையை, ஹாப்பர் பற்றிய பதிலில் சொன்னபடி, மீட்டரோடு பாருங்கள். கழற்றாமல், இருந்த இடத்திலேயே பூட்டி, அறைக்கும் பூட்டுப் போட்டு, பெயர்ப்பலகையில் உள்ள மூலத்தின் பெயர், அளவு, தேதி, வரிசை எண் நான்கையும் படமெடுத்து வாரியத்துக்கு எழுதுங்கள். பழைய உரிமத்தில் எத்தனை மூலங்கள் பதிவாகியிருக்கின்றன என்றும் அதே கடிதத்தில் கேளுங்கள். நீங்கள் இரண்டு பார்த்திருக்கிறீர்கள். பதிவில் மூன்று இருக்கலாம்.